கம்பம் பள்ளத்தாக்கும் கஞ்சாத் தடையும்

கம்பம் பள்ளத்தாக்கு தேனி மாவட்டத்தில், மேகமலைத் தொடருக்கும் கேரள எல்லை மலைகளுக்கும் இடையே அமைந்துள்ளது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகியவை இதன் முக்கிய ஊர்கள். 1895 முதல் முல்லைப் பெரியாறு நீரைப் பெற்று நெல்லும் வாழையும் பின்னாளில் திராட்சையும் விளைந்த மண் இது. ஆயினும் வெளி மாவட்டத்தார் பலர், செய்தித்தாளில் கம்பம் என்ற பெயரைக் கஞ்சா வழக்குகளோடு சேர்த்தே படித்திருப்பர். வரி கட்டி விற்கப்பட்ட ஒரு பொருள் எவ்வாறு சிறைக்குரிய பொருளாயிற்று, சட்டத்திலேயே இருக்கும் சிகிச்சை வழி ஏன் அதிகம் பயன்படவில்லை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

வரிக் காலம்

ஆங்கிலேயர் ஆட்சியில் இப்பகுதி சென்னை மாகாணத்தின் மதுரை மாவட்டத்தில் இருந்தது. கஞ்சாவால் மனநோய் பெருகுகிறது என்ற புகார் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்ததால், 1893இல் மேக்வொர்த் யங் தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. அது 1,193 பேரிடம் சாட்சியம் பெற்று, 1894இல் அறிக்கை அளித்தது. மனநல விடுதிப் பதிவேடுகளையும் அது ஆராய்ந்தது. நோய்க்குக் காரணம் தெரியாத இடங்களில், தக்க விசாரணையின்றியே ‘கஞ்சா’ என்று எழுதப்பட்டிருந்ததைக் கண்டது. அளவான பயன்பாடு பெரும்பாலோர்க்குப் பெருந்தீங்கு செய்வதில்லை, அளவு மீறினால் தீங்கு உண்டு என்பது அதன் முடிவு. முழுத் தடை வேண்டாம். உரிமமும் வரியும் கொண்டு கட்டுப்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. இந்திய உறுப்பினர் இருவர் இதற்கு உடன்படாமல் தனிக்குறிப்பு எழுதினர். அரசுக்கு இதில் வருமானமும் இருந்தது என்பதை மறக்கலாகாது.

தடைக் காலம்

இராஜாஜி அரசு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. சென்னை மதுவிலக்குச் சட்டம் கள், சாராயத்தோடு கஞ்சா போன்ற போதைப்பொருள்களையும் உள்ளடக்கியது. 1948 அக்டோபர் 2 முதல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971இல் மதுவிலக்கு தளர்ந்து, பின்னர் மதுக்கடைகள் அரசின் கைக்கே வந்தன. கஞ்சாவோ எதிர்த்திசையில் சென்றது. 1961இல் ஐ.நா. கொண்டுவந்த போதைப்பொருள் உடன்படிக்கை, மருத்துவம் சாராத கஞ்சாப் பயன்பாட்டை 25 ஆண்டுகளுக்குள் நிறுத்தக் கோரியது. இந்தியா 1985 நவம்பர் 14 அன்று போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

இச்சட்டத்தில் கஞ்சா என்பது செடியின் பூவும் காயும் உள்ள நுனிப்பகுதியே. தனியாக எடுத்த இலையும் விதையும் அதில் அடங்கா. அதனால்தான் வட மாநிலங்கள் சிலவற்றில் இலையிலிருந்து செய்யும் பாங்கு இன்றும் உரிமக் கடைகளில் விற்கப்படுகிறது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனையை எடையோடு இணைத்தது. கஞ்சாவில் 1 கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. முன்னதற்கு இப்போது அதிகபட்சம் ஓராண்டுச் சிறை. பின்னதற்கு 10 முதல் 20 ஆண்டுகள். தராசு எடையைச் சொல்லும். இலாபம் யாருக்கு என்று சொல்லாது. கூலிக்கு மூட்டை சுமந்தவரும் சரக்கின் உரிமையாளரும் ஒரே எடையால் அளக்கப்படுகின்றனர்.

மலைப்பாதைகள்

தடைக்குப் பின் பயிர் காட்டுக்குள் நகர்ந்தது. வருசநாடு, மேகமலைக் காடுகளிலும் எல்லைக்கு அப்பால் இடுக்கிக் காடுகளிலும் கஞ்சா திருட்டுத்தனமாகப் பயிரிடப்பட்டது. அதிகாரிகள் மலையேறிச் செடிகளைப் பிடுங்கி எரித்தனர். உள்ளூர்ப் பயிர் குறைந்தபின் ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளிலிருந்து சரக்கு வரத் தொடங்கியது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று மலைப்பாதைகள் கேரளத்துக்குச் செல்வதால், கம்பம் விளையும் இடம் என்பதைவிடக் கைமாறும் இடமாயிற்று. ஓரிடத்தில் ஒடுக்கினால் வணிகம் வேறிடத்துக்கு இடம்பெயரும் என்பதற்கு இது கண்கூடான சான்று.

சட்டத்துக்குள் இருக்கும் சிகிச்சை

போதைக்கு அடிமையானவரைத் தண்டிப்பது மட்டுமே இச்சட்டத்தின் நோக்கம் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. 64-ஏ பிரிவின்படி, போதைப் பயன்பாட்டுக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமை, தானே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். 39ஆம் பிரிவின்படி, நீதிமன்றமே தண்டனைக்கு மாற்றாகச் சிகிச்சைக்கு அனுப்பலாம்.

தமிழ்நாட்டில் இத்துறைக்கு முன்னோடியும் உண்டு. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், குடியையும் போதையையும் நோயாகக் கருதி, குடும்பத்தாரையும் சேர்த்துச் சிகிச்சை அளித்தது. ஆனால் 2019இல் வெளியான எய்ம்ஸ் தேசிய ஆய்வின்படி, சட்டவிரோதப் போதைக்கு அடிமையானோரில் 20 பேரில் ஒருவரே எப்போதாவது உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றுள்ளார். காரணம் மருத்துவமனைக் குறைவு மட்டுமன்று. மருத்துவரிடம் சொன்னால் காவல் நிலையத்துக்குத் தெரிந்துவிடுமோ, ஊரில் பெயர் கெட்டுத் தங்கையின் திருமணம் தடைப்படுமோ என்ற அச்சம் குடும்பங்களை வாய்மூட வைக்கிறது.

இணையச் சந்தை காட்டும் பாடம்

நோயாளி மருத்துவரை நம்பத் தயங்க, வணிகர்கள் நம்பிக்கையையே முதலாக்கினர். 2011இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘சில்க் ரோடு’ என்ற மறைவிணையச் சந்தையில், முகம் தெரியாத விற்பவருக்கு வாங்குவோர் மதிப்பெண் இட்டனர். பொருள் வந்து சேரும்வரை பணத்தைச் சந்தையே பிடித்து வைத்தது. அது 2013இல் மூடப்பட்டது. அதன்பின் வந்த ‘எவல்யூஷன்’ சந்தையை நடத்தியோர் 2015இல் வாடிக்கையாளர் பணத்தோடு மறைந்தனர். 2017இல் ‘ஹன்சா’ சந்தையை நெதர்லாந்துக் காவல்துறையே சில வாரங்கள் மறைமுகமாக நடத்தியது. தேனி வழியாகச் செல்லும் கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் உள்ள மூவாற்றுப்புழாவிலும், ‘கெட்டமெலன்’ என்ற பெயரில் இயங்கிய மறைவிணைய விற்பனையைப் பிடித்ததாகப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு முகமை 2025இல் அறிவித்தது. மதிப்பெண் என்பது சரக்கு வந்து சேர்ந்ததைக் காட்டலாம். உட்கொள்பவருக்கு நேரும் கேட்டைக் காட்டாது.

விவாதம்

தடை வேண்டும் என்போர் வாதத்தில் உண்மை உண்டு. வளரும் வயதில் தொடர்ந்து கஞ்சா புகைப்பது மனச்சிதைவு போன்ற நோய்களின் அபாயத்தைக் கூட்டும் என்று மருத்துவ ஆய்வுகள் காட்டுகின்றன. வெளிப்படையாக விற்றால் பள்ளிப் பிள்ளைகளை எட்டுவது இன்னும் எளிதாகும். தளர்த்த வேண்டும் என்போர் போர்ச்சுகல்லைச் சுட்டுகின்றனர். அங்கு 2001 முதல் சொந்தப் பயன்பாட்டுக்கான சிறு அளவு குற்றமன்று. பிடிபட்டவர் ஆலோசனைக் குழுவின்முன் நிறுத்தப்படுவார். விற்பனை இன்றும் குற்றமே.

இந்த இரு கரைகளுக்கும் நடுவே, சட்டத்தைத் திருத்தாமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பொட்டலத்தோடு பிடிபடும் இளைஞனிடமும் அவன் பெற்றோரிடமும் 64-ஏ பிரிவை முதல் நாளே எடுத்துச் சொல்லலாம். இச்செய்தி எட்டாதவரை, அந்தச் சட்டப் பிரிவு தாளில் மட்டுமே இருக்கும். வழக்கு எதுவும் இல்லாதவர்களும் 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.