குருவின்றிக் காத்த விசுவாசம்

வெற்றி என்றதும் நம் நினைவில் எழுபவை கொடியும் கோட்டையுமே. விசுவாச வாழ்வின் வெற்றியோ பலவேளைகளில் தோல்வியின் கோலத்தில் வருகிறது. ஜப்பானியத் திருச்சபையின் வரலாறு இதற்குச் சான்று.

நம் முத்துக்குளித்துறையில் 1542 முதல் மறைப்பணி ஆற்றிய புனித பிரான்சிஸ் சவேரியாரே, 1549 ஆகஸ்டு 15 அன்று, அன்னையின் விண்ணேற்புத் திருநாளில், ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார். விதைத்தது விரைவில் முளைத்தது. வாளும் விரைந்து வந்தது. 1597 பெப்ரவரி 5 அன்று நாகசாகியின் நிஷிசாகா குன்றில் 26 பேர் சிலுவைகளில் பிணைக்கப்பட்டு ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டனர். 1614-இல் நாடெங்கும் கிறிஸ்தவ மறை தடைசெய்யப்பட்டது. 1644-இல் எஞ்சியிருந்த கடைசிக் குருவும் மறைசாட்சியானார்.

அதன்பின் திருப்பலி இல்லை, ஒப்புரவு இல்லை, ஆலயமும் இல்லை. ஆயினும் நாகசாகிப் பகுதியின் உழவரும் மீனவரும் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. திருநாள்களைக் கணித்துச் சொல்ல ஒருவர், குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிக்க ஒருவர் எனத் தமக்குள்ளேயே பொறுப்பாளரை நியமித்தனர். பௌத்தர் வணங்கும் கன்னோன் சிலையின் முன் அமர்ந்து அன்னை மரியாவை வேண்டினர். செபங்கள் வாய்வழியாகத் தலைமுறை தாண்டின.

ஆண்டுதோறும் அவர்களுக்கு ஒரு சோதனை காத்திருந்தது. கிறிஸ்துவின் அல்லது அன்னையின் உருவம் பதித்த பலகையை அனைவரும் காலால் மிதிக்க வேண்டும். மறுத்தோர் தண்டிக்கப்பட்டனர். மிதித்தோரும் பலர். அவர்கள் வீடு திரும்பியதும் உத்தம மனத்தாபச் செபத்தைச் சொல்லிப் பாவப்பொறுத்தல் வேண்டினர்.

இவர்களை வென்றவர் என்போமா, வீழ்ந்தவர் என்போமா? சோதனை நம் வாயிலுக்கு வராத நிலையில் தீர்ப்பிட நாம் தகுதியற்றவர். ஆயினும் ஒன்றை மறக்கலாகாது: பேதுருவும் மறுதலித்தார், மனங்கசந்து அழுதார், திருச்சபையின் பாறையானார். விழாதிருப்பது மட்டுமன்று, விழுந்த இடத்திலிருந்து இறைவனை நோக்கித் திரும்புவதும் விசுவாசத்தின் வெற்றியே.

1865 மார்ச் 17 அன்று, நாகசாகியில் அந்நிய நாட்டவருக்கென எழுப்பப்பட்டிருந்த ஓவ்ரா ஆலயத்திற்கு, உரகாமி சிற்றூரைச் சேர்ந்த சிலர் வந்தனர். அவர்களுள் ஒரு பெண், பிரஞ்சு மறைப்பணியாளர் பெத்தித்ஜான் அடிகளாரை அணுகி, தங்கள் உள்ளமும் அவருடைய உள்ளமும் ஒன்றே என்று மெல்லச் சொன்னார். அன்னையின் சுரூபம் எங்கே என்று கேட்டார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மறைந்திருந்த திருச்சபை அன்று வெளிப்பட்டது.

துன்பம் அத்துடன் தீரவில்லை. உரகாமியின் கிறிஸ்தவர் 3,300-க்கும் மேற்பட்டோர் நாடெங்கும் கடத்தப்பட்டனர். 600-க்கும் மேற்பட்டோர் அங்கேயே இறந்தனர். 1873-இல் தடை அகன்றபின் ஊர் திரும்பியோர், வறுமையினூடே தம் மண்ணில் ஆலயம் எழுப்பினர்.

ஆலய மணியோசை கேட்கும் தொலைவில் வாழ்கிறோம் நாம். குருக்களும் திருவருட்சாதனங்களும் நமக்குக் குறைவின்றி உண்டு. இவையனைத்தும் ஒருநாள் இல்லாது போயின், நம் பேரக்குழந்தைகளின் நாவில் எந்தச் செபம் எஞ்சியிருக்கும்? அதற்கான விடையை இன்றிரவு நம் வீட்டுக் குடும்பச் செபமே எழுதுகிறது.