கையடக்கத் தொலைபேசியும் ஆசியாவின் செய்திச் சேவைகளும்: பங்கீட்டு முறை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தொழினுட்பத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கருவிகளின் வரலாற்றையே எழுதிச் செல்வதுண்டு. எந்த ஆண்டில் எந்தக் கருவி வந்தது, முந்தியதைவிட அது எவ்வளவு விரைவாக இயங்கியது என்பனவே அவ்வரலாறுகளின் பொருளாக அமைகின்றன. கருவியைக் கையிலேந்திய மக்கள் அதற்கு எவ்வளவு கொடுத்தனர், கொடுத்த பணம் யார் யாரிடையே எவ்வாறு பங்கிடப்பட்டது என்னும் வினாக்கள் பின்தள்ளப்பட்டு விடுகின்றன. 1990களின் பிற்பகுதி முதல் ஆசியாவிலே கையடக்கத் தொலைபேசி வழியாகப் பரவிய செய்திப் பரிமாற்றமும், இசை, கதை, படம் முதலிய உள்ளடக்கங்களின் வணிகமும் இவ்வினாக்களை விடுத்து விளங்கிக்கொள்ள முடியாதவை. யப்பான், பிலிப்பைன்ஸ், சீனா ஆகிய மூன்று நாடுகளின் அனுபவங்களை ஒப்புநோக்கி, அவ்வளர்ச்சியின் பொருளாதார அடிப்படையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யப்பான்: எண்களிலிருந்து எழுத்துக்கு

யப்பானில் இவ்வரலாறு கையடக்கத் தொலைபேசிக்கு முன்னரே தொடங்கிவிடுகின்றது. 1968இல் டோக்கியோவில் அறிமுகமான ‘பொக்கெற் பெல்’ என்னும் பேஜர், அழைப்பு வந்ததை ஒலியால் அறிவிக்கும் சிறு கருவியாகவே இருந்தது. வணிக நிறுவனங்கள் தம் ஊழியரை அழைப்பதற்கு அதனைப் பயன்படுத்தின. 1987இல் எண்களைக் காட்டும் திரை அதிற் பொருத்தப்பட்டது. திரும்ப அழைக்கவேண்டிய தொலைபேசி எண்ணைக் காட்டுவதே தயாரிப்பாளர் கருதிய பயன். ஆனால் 1990களின் முற்பகுதியிற் பாடசாலை மாணவியர் அவ்வெண்களை எழுத்துகளாக மாற்றிக்கொண்டனர். யப்பானிய எண்ணுப்பெயர்களின் ஒலிகளை இணைத்து, 0840 என்பது காலை வணக்கமாகவும், 4649 என்பது ‘யோரோஷிகு’ என்னும் நல்லெண்ணச் சொல்லாகவும் அனுப்பப்பட்டன. வேலைக்கென வந்த கருவி நட்புக்குரிய கருவியாயிற்று. 1996இல் பேஜர் பாவனையாளர் தொகை ஒரு கோடியைத் தாண்டியது. சிறிய செய்திகளுக்குச் சிறிய தொகை கொடுக்க ஆயத்தமாயிருந்த ஒரு தலைமுறை இவ்வாறு உருவாகியிருந்தது.

இத்தலைமுறையை நோக்கியே என்.ரி.ரி. டொக்கோமோ நிறுவனம் 1999 பெப்ரவரி 22ஆந் திகதி ‘ஐ-மோட்’ சேவையைத் தொடக்கியது. எனோக்கி கெய்ச்சி என்பவரின் தலைமையில் அமைந்த குழுவில், வேலைவாய்ப்புச் சஞ்சிகையொன்றின் ஆசிரியராயிருந்த மட்சுனாகா மாரி, இணைய வணிகத்தில் அனுபவம் பெற்ற நட்சுனோ தக்கேஷி ஆகியோர் முக்கிய பங்கேற்றனர். பொறியியலாளர் மாத்திரமன்றிச் சஞ்சிகைத்துறையினரும் வணிகத்துறையினரும் இதனை வடிவமைத்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. தொலைபேசியிலுள்ள ஒரு பொத்தானை அழுத்தியதும் வங்கிக் கணக்கு, புகைவண்டி நேரம், காலநிலை, விளையாட்டு, இசை என்பன திரையில் வந்தன. 250 எழுத்துகள் வரையிலான அஞ்சல்களை அனுப்பவும் வசதியிருந்தது.

ஐ-மோட்டின் வெற்றிக்கு மூன்று ஏற்பாடுகள் காரணமாயின. முதலாவது கட்டண முறை. மாதம் 300 யென் அடிப்படைக் கட்டணம் அறவிடப்பட்டது. அதற்கு மேல், பாவனையாளர் இணைப்பிலிருந்த நேரத்துக்கன்றிப் பெற்ற தரவின் அளவுக்கே பணம் செலுத்தினர். 128 பைற் கொண்ட ஒரு பொதிக்கு 0.3 யென் என்பது கணக்கு. ஒரு செய்தியை அனுப்புவதற்கான செலவு ஓரிரு யென்னுள் அடங்கிற்று. இரண்டாவது வசூலிப்பு முறை. உள்ளடக்கத்தை ஆக்கியவர் தம் சேவைக்கு மாதம் 300 யென் வரை விதிக்கலாம். அதனை டொக்கோமோ தனது மாதாந்தக் கட்டணப் பட்டியலிற் சேர்த்து வசூலித்துக் கொடுத்தது. மூன்றாவதும் முதன்மையானதும் பங்கீட்டு முறை. வசூலித்த தொகையில் நிறுவனம் 9 வீதத்தை மட்டுமே தரகாக எடுத்துக்கொண்டது. ஒருவர் 300 யென் செலுத்தினால் 27 யென் நிறுவனத்துக்கும் 273 யென் ஆக்கியவருக்கும் சேர்ந்தன. நிறுவனத்தின் பெருவருவாய் தரவுப் போக்குவரத்திலிருந்து வந்தமையால், ஆக்குவோர் பெருகுவது அதன் சொந்த நலனுக்கும் உகந்ததாயிற்று.

இதே காலத்தில் ஐரோப்பாவிலே ‘வாப்’ என்னும் முறை மூலம் தொலைபேசியில் இணையப் பக்கங்களைக் காட்டும் முயற்சி நடைபெற்றது. திரையின் அளவிலோ வேகத்திலோ இரண்டுக்குமிடையே பெரும் வேறுபாடு இருந்ததெனக் கூறவியலாது. ஆனால் அங்கு தொடக்கத்தில் இணைப்பு நேரத்துக்கு நிமிடக் கணக்கிற் கட்டணம் அறவிடப்பட்டது. சிறு ஆக்குநர் தம் பணத்தை எளிதில் வசூலிப்பதற்கான வழியும் இருக்கவில்லை. ஐரோப்பிய மக்கள் அதனைப் புறக்கணித்தனர். ஐ-மோட் பாவனையாளரோ 2000 ஓகஸ்டில் 10 மில்லியனாகவும், 2001 இறுதியில் 30 மில்லியனாகவும் பெருகினர். கருவியினும் கணக்கே வலிதாயிருந்தது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று தேவையில்லை.

கட்டணமுறை மாறியபோது இலக்கிய வடிவமும் மாறியது என்பதை யப்பானிய ‘கெய்தாய்’ நாவல்கள் காட்டுகின்றன. 2003, 2004ஆம் ஆண்டுகளில் அளவின்றித் தரவு பெறுவதற்கான நிலையான மாதக் கட்டணம் அறிமுகமாயிற்று. அதன்பின் இளம் பெண்கள் பலர் தொலைபேசித் திரையிலேயே தொடர்கதைகளை எழுதவும் வாசிக்கவும் தலைப்பட்டனர். குறுகிய வாக்கியங்களும் பேச்சுநடையும் அவற்றின் இயல்புகள். மிக்கா என்னும் புனைபெயருடையவரின் ‘கொய்சோரா’ 2006இல் அச்சேறியது. 2007ஆம் ஆண்டில் யப்பானில் அதிகம் விற்பனையான பத்துப் புனைகதை நூல்களில் ஐந்து இவ்வாறு தொலைபேசியிற் பிறந்தவை. அவற்றின் இலக்கியத் தரம்பற்றி விமரிசகர் ஐயுற்றனர். எனினும், பதிப்பகத்தின் வாயிலை அறியாதோர் எழுத்தாளராவதற்குக் குறைந்த செலவுள்ள ஒரு வழி திறந்ததென்பதை மறுத்தற்கில்லை.

பிலிப்பைன்ஸ்: ஒரு பெசோவின் வலிமை

யப்பான் செல்வமிக்க நாடு. அங்கு நிகழ்ந்ததை வளமுள்ளோரின் பொழுதுபோக்கெனச் சிலர் ஒதுக்கக்கூடும். பிலிப்பைன்ஸின் அனுபவம் அக்கருத்தை மறுக்கின்றது. 1990களின் நடுப்பகுதியில் அங்கு புதிய தொலைபேசி முறை அறிமுகமானபோது குறுஞ்செய்திக்குக் கட்டணம் விதிக்கப்படவில்லை. பின்னர் ஒரு செய்திக்கு ஒரு பெசோ என்பது வழக்கமாயிற்று. குரல் அழைப்பின் நிமிடக் கட்டணம் அதனிலும் பன்மடங்காயிருந்தது. முற்கொடுப்பனவு அட்டை பரவியபின், மாத வருமானம் நிலையற்ற தொழிலாளரும் தொலைபேசி வைத்திருக்க முடிந்தது. 2003இல் ஸ்மார்ட் நிறுவனம், அட்டை இன்றியே மின்வழியாக 30 பெசோ போன்ற சிறு தொகைகளுக்கும் ரீலோட் செய்யும் முறையைக் கொணர்ந்தது. ‘சரி-சரி’ எனப்படும் சிற்றூர்ப் பெட்டிக்கடைகள் அதன் விற்பனை நிலையங்களாயின. ஒற்றைச் சிகரெட்டையும் சிறு பொதிச் சவர்க்காரத்தூளையும் விற்றுவந்த அதே கடைக்காரர், தொலைபேசி நேரத்தையும் துண்டு துண்டாக விற்று ஒரு சிறு தரகைப் பெற்றார். நாளாந்தம் உழைத்து நாளாந்தம் செலவிடும் மக்களின் வாழ்க்கைக்கு வணிகமே இணங்கி வந்தது.

இவ்வாறு மலிந்த செய்தி அரசியற் கருவியாகவும் பயன்பட்டது. சனாதிபதி எஸ்திராடாவுக்கெதிரான குற்ற விசாரணையில், வங்கி ஆவணங்கள் அடங்கியதாகக் கூறப்பட்ட உறையைத் திறப்பதில்லையென 2001 சனவரி 16ஆந் திகதி செனற் சபையில் 11க்கு 10 என்ற வாக்குகளால் முடிவாயிற்று. அன்றிரவே எட்சா வீதிக்குக் கறுப்புடையில் வருமாறு அழைக்கும் செய்திகள் மணிலா நகரெங்கும் கைமாறின. நான்கு நாள்களின் பின் எஸ்திராடா மாளிகையை விட்டு நீங்கினார். திருச்சபையும் வானொலியும் இராணுவத்தின் நிலைமாற்றமும் இவ்விளைவுக்குக் காரணமாயிருந்தமையால், தொலைபேசியே ஆட்சியை மாற்றியதென்பது மிகையாகும். எனினும், ஒரு பெசோவுக்குப் பலரை அழைக்க முடியாதிருந்தால் அக்கூட்டம் அத்துணை விரைவாகத் திரண்டிராது. 2005இல் சனாதிபதி அரோயோ தேர்தல் ஆணையாளர் ஒருவருடன் பேசியதாகக் கூறப்பட்ட ஒலிப்பதிவு வெளியானபோது, மக்கள் அதனைத் தொலைபேசியின் மணியொலியாக்கிக் கொண்டனர். பொழுதுபோக்குக்கென விற்கப்பட்ட வடிவம் அங்கதத்துக்குரிய வடிவமாயிற்று.

சீனா: வளர்ச்சியும் நம்பிக்கையிழப்பும்

ஐ-மோட்டின் பங்கீட்டு முறையை முன்மாதிரியாகக் கொண்டு சீன மொபைல் நிறுவனம் 2000ஆம் ஆண்டின் இறுதியில் ‘மொன்ரர்நெற்’ என்னும் ஏற்பாட்டைத் தொடக்கியது. வசூலித்துக் கொடுப்பதற்கு 15 வீதம் நிறுவனத்துக்கு, எஞ்சியது உள்ளடக்கம் வழங்குவோருக்கு என்பது அதன் விதி. அப்போது அமெரிக்கப் பங்குச் சந்தை வீழ்ச்சியால் நலிந்திருந்த சைனா, சோஹு, நெற்ஈஸ் ஆகிய இணைய நிறுவனங்கள், குறுஞ்செய்தி வழியே நகைச்சுவைத் துணுக்கு, செய்தி, மணியொலி என்பவற்றை விற்று 2002இல் இலாபம் காணத் தொடங்கின. இன்று பேராற்றல் பெற்று விளங்கும் ரென்சென்ற் நிறுவனமும் தன் தொடக்கக்கால வருவாயை இவ்வழியிலேயே ஈட்டியது.

இங்கும் வடிவம் எழுத்தை ஆண்டது. 2004இல் சியென் புசாங் என்னும் எழுத்தாளர், 60 செய்திகளாக, ஒவ்வொன்றும் 70 எழுத்துகளாக, 4,200 எழுத்துகளில் ஒரு தொலைபேசி நாவலை ஆக்கினார். ஒரு குறுஞ்செய்தியிற் சீன எழுத்துகள் 70 மட்டுமே அடங்கும் என்பதே அவ்வளவைக்கான காரணம்.

எனினும் சீனாவின் அனுபவம் மறுபுறத்தையும் காட்டுகின்றது. பாவனையாளர் அறியாமலே சந்தாவிற் சேர்க்கப்படுவதும், நிறுத்த முயன்றும் கட்டணம் தொடர்வதும் மலிந்தன. ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்டது சில யுவானே ஆயினும், கோடிக்கணக்கானோரிடம் எடுக்கையில் அது பெருஞ்செல்வமாயிற்று. 2006 யூலையில், சந்தாவுக்கு இரு தடவை ஒப்புதல் பெறவேண்டும் என்பன போன்ற கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டதும் இந்நிறுவனங்களின் வருவாய் சரிந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிதான கட்டணம் வணிகத்தை வளர்க்கவும் வல்லது. மக்களை ஏமாற்றவும் வல்லது.

எழுத்தும் விலையும்

விலை எல்லா மொழிகளுக்கும் ஒரே அளவினதாய் இருக்கவில்லை. குறுஞ்செய்தியின் விதிப்படி உரோம எழுத்துகள் 160 அடங்கும். ஏனைய எழுத்துமுறைகளுக்கு 70 குறியீடுகளே கிடைக்கும். தகலொக் மொழியையும் ஆங்கிலத்தையும் உரோம எழுத்தில் எழுதிய பிலிப்பைன்ஸ் மக்களுக்கு ஒரு பெசோ நீண்ட செய்தியை வாங்கித் தந்தது. தமிழுக்கோ நிலை கடினமானது. ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துச் சொல் ஐந்து குறியீடுகளாகக் கணிக்கப்படும். கருவிகளிலே தமிழெழுத்து இல்லாதிருந்த நிலையுடன் இவ்விலை வேறுபாடும் சேர்ந்து, தமிழர் பலரை உரோம எழுத்திலே தமிழ் எழுதத் தூண்டியது. மொழிப்பற்றுக் குறைவு மட்டுமே அதற்குக் காரணமென்பார் இக்கணக்கையும் நோக்குதல் வேண்டும். யப்பானிலே குறுஞ்செய்திக்குப் பதிலாக அஞ்சல் முறை வேரூன்றியமையால் அம்மொழி இந்நெருக்கடியிலிருந்து பெரும்பாலும் தப்பியது.

வாயில்கள் மாறியமை

2008 யூலையில் ஐபோன் யப்பானில் விற்பனைக்கு வந்தது. அதே மாதத்தில் அப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடையும் திறக்கப்பட்டது. அதன்பின் வட்ஸ்அப் 2009இலும், கொரியாவின் ககாவோரோக் 2010இலும், சீனாவின் வீசற், யப்பானின் லைன் ஆகியன 2011இலும் தோன்றின. இணைய இணைப்புள்ளோர்க்குத் தனிச் செய்திக்கான கட்டணம் ஏறத்தாழ மறைந்தது. எழுத்துமுறைக்கேற்ப விலை வேறுபடும் நிலையும் அதனுடன் தளர்ந்தது. இவை மக்களுக்குக் கிடைத்த மெய்யான நன்மைகள். ஐ-மோட் படிப்படியாக ஒடுங்கியது. 2019 செப்டெம்பர் 30உடன் புதிய பாவனையாளரைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. 2026 மார்ச் 31 அதன் இறுதி நாளென அவ்வாண்டிலேயே அறிவிக்கப்பட்டது. 1999இல் குரிட்டா ஷிகெதாக்கா அதற்கென வரைந்த 176 சிறு படவெழுத்துகளின் வழிவந்தனவோ, 2010இல் யூனிக்கோட் தரத்தில் இடம்பெற்று உலகெங்கும் வழங்குகின்றன.

ஆயினும் பங்கீட்டிலே நிகழ்ந்த மாற்றம் அத்துணை நன்மையானதெனல் அரிது. ஐ-மோட் ஆக்குநரிடம் 9 வீதமும், மொன்ரர்நெற் 15 வீதமும் பெற்றன. செயலிக் கடை தொடக்கத்திலே 30 வீதம் பெற்றது. 2021 முதல் சிறு ஆக்குநருக்கு அது 15 வீதமாகக் குறைக்கப்பட்டது. 2014இல் லைன் நிறுவனம் பொதுமக்கள் வரைந்த ஒட்டுப்படங்களை விற்கத் தொடங்கியபோது வரைந்தவருக்குப் பாதியே வழங்கியது. முன்னர் 300 யென்னில் 273 யென் பெற்ற ஆக்குநரின் நிலையோடு இதனை ஒப்பிட்டு நோக்கலாம். அனுப்புவோரின் செலவு குறைந்த அதே காலத்தில் வாயிற்காப்போரின் பங்கு உயர்ந்தது. முன்னர் அவ்வாயில் ஒவ்வொரு நாட்டினதும் சட்டத்துக்குட்பட்ட தொலைபேசி நிறுவனத்திடம் இருந்தது. பின்னர் எல்லை கடந்த நிறுவனங்களிடம் சென்றது. 2006இற் சீனா செய்ததுபோன்று ஒழுங்குபடுத்துவது அதன்பின் சிறிய நாடுகளுக்கு எளிதாயிருக்கவில்லை.

மாணவியரின் எண்மொழியும், மணிலாவின் ஒரு பெசோச் செய்தியும், 70 எழுத்து நாவலும் நிறுவனங்கள் எதிர்பாராத படைப்புகள். மக்கள் தமக்குக் கிடைத்த குறுகிய இடத்தில் தமது மொழியை அமைத்துக்கொண்டனர். அப்படைப்பாற்றல் எங்கு தழைத்தது என்று நோக்குமிடத்து, கட்டணம் சிறிதாகவும், கணக்கு வெளிப்படையாகவும், ஆக்கியவரின் பங்கு பெரிதாகவும் இருந்த இடங்களிலேயே தழைத்தது என்பது புலனாகின்றது. ஆசிய மொழிகளில் எழுதுவோரினதும் வரைவோரினதும் உழைப்புக்கு உரிய பங்கு கிடைக்கவேண்டுமாயின், அடுத்து வரும் கருவியின் சிறப்புகளை வியப்பதற்கு முன் அதன் பங்கீட்டு விதியைக் கேட்டறிதல் அச்சமூகங்களின் கடமையாகும்.