'சிலோன்' என்னும் பெயரும் சபரகமுவத் தோட்டத் தமிழரும்

ஒரு நாட்டுக்கு அந்நாட்டார் வழங்கும் பெயர் ஒன்றாகவும், அயலார் வழங்கும் பெயர் வேறொன்றாகவும் இருத்தல் உலகியல்பு. இலங்கைத் தீவுக்கு 1972ஆம் ஆண்டு வரை ஆங்கிலத்தில் வழங்கிய 'சிலோன்' என்னும் பெயர் அத்தகையது. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும் கொண்ட சபரகமுவ மாகாணத்துக்கும் இப்பெயருக்கும் இருவகைத் தொடர்பு உண்டு. அது கடல் கடந்து பரவிய காலத்தில் உடன் சென்ற புகழ் இப்பகுதியின் மணிக்கற்களுக்கும் மலைக்கும் உரியது. பிற்காலத்திலோ, இம்மாகாணத்துத் தோட்டங்களில் உழைத்த தமிழர் அப்பெயருக்கு உரியவர்தாமா என்ற வினா எழுந்து, அவர்தம் வாழ்வையே அலைக்கழித்தது.

பெயரின் வேர் 'சிங்கள' என்னும் சொல் என்பது அறிஞர் பெரும்பாலோர் கொள்கை. அது பாளியில் 'சீகள' என்றும், தீவைக் குறிக்கும் 'தீப' என்னும் சொல்லோடு கூடிச் 'சீகளதீப' என்றும் வழங்கிற்று. நான்காம் நூற்றாண்டின் உரோம வரலாற்றாசிரியரான அம்மியானுஸ் மார்செல்லினுஸ் இத்தீவினரைச் 'செரெந்திவி' என்றார். ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கொஸ்மஸ், இந்தியர் 'சியெலெதிபா' என அழைக்கும் தீவையே கிரேக்கர் 'தப்ரபேன்' என்பர் என்று தெளிவுபடக் கூறினார். லகரம் ரகரமாகத் திரிந்த வடிவமே அராபியரின் 'சரந்தீப்' ஆயிற்று. ஹொரஸ் வோல்போல் என்னும் ஆங்கிலேயர் 1754இல் இவ்வடிவத்தினின்றே 'செரண்டிப்பிற்றி' என்னும் சொல்லைப் படைத்தார். தேடாமலே நற்பேறு கிட்டுதல் என்பது அதன் பொருள். தீவின் பெயரால் பிறந்த அச்சொல்லுக்கும் சபரகமுவத் தொழிலாளர் கண்ட வாழ்வுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது.

'தீப' என்னும் பிற்பகுதி நீங்கிய வடிவமும் உடன் வழங்கிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ 'செய்லான்' என்றார். 1344இல் இங்கு வந்த இபன் பதூதாவின் குறிப்பு இன்னும் சுவையானது. தீவைச் 'சைலான்' என்று குறித்த அவர், சிவனொளிபாத மலையைச் 'சரந்தீப் மலை' என்றார். தீவை விட்டு நீங்கத் தொடங்கிய பழம்பெயர், இரத்தினபுரியின் எல்லையில் நிற்கும் அம்மலையின்மேல் தங்கிவிட்டது போலும்.

தமிழில் 'சிலோன்' மிகப் பிந்திய வரவு. பட்டினப்பாலையும் திருப்பரங்குன்றத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் 'ஈழம்' என்ற பெயரை அறிந்திருந்தன. 'சீகளம்' என்பதே முதலெழுத்துக் கெட்டு 'ஈழம்' ஆயிற்று என்பாரும், அது தமிழின் தனிச்சொல்லே என்பாரும் உளர். முன்னையோர் கூற்று மெய்யாயின் 'ஈழம்', 'சிலோன்' என்னும் இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை ஆகும்.

பதினாறாம் நூற்றாண்டில் போத்துக்கேயர் இப்பெயரைச் 'செய்லாவ்' என இறுதியை மூக்கொலியோடு கூறினர். ஒல்லாந்தரிடம் 'சைலான்', 'சிலோன்' எனப் பல எழுத்துக்கூட்டல்கள் காணப்பட்டன. கண்டியரசில் நெடுங்காலம் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்சின் நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தபோது, ஆங்கில எழுத்துக்கூட்டல் ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது எனலாம். அவ்வெழுத்துக்கூட்டலின் நடுவிலுள்ள 'ஈ', 'வை' என்னும் இரு எழுத்துகளும் ஒரு காலத்தில் 'எய்' என்று ஒலித்ததற்குச் சான்றாக நிற்கின்றன. ஆங்கிலேயர் அவற்றைக் குறுகிய இகரமாக்கி, அழுத்தத்தை ஈற்றசையில் வைத்துச் 'சிலொன்' என்றனர். அழுத்தத்தை நெடிலாகக் கேட்ட தமிழ்ச் செவி அதனைச் 'சிலோன்' ஆக்கிக்கொண்டது.

1972 மே 22இல் குடியரசு அமைந்தபோது ஆங்கிலப் பெயர் 'ஸ்ரீ லங்கா' ஆயிற்று. அதற்கு முந்திய அஞ்சல் தலைகளில் சிங்களத்தில் 'லங்கா' என்றும் தமிழில் 'இலங்கை' என்றுமே பொறித்திருந்தனர். சிங்களத்தில் அடைமொழி ஒன்று சேர்ந்தது. தமிழில் எதுவும் மாறவில்லை. உண்மையில் பெயர் மாறியது ஆங்கிலத்திலேயே. புதிய பெயரும் எழுத்துக்கூட்டற் சிக்கலுக்குத் தப்பவில்லை. எழுத்தில் சகரமும் பேச்சில் ஷகரமுமாக அது வழங்கியமையால், 1990களின் தொடக்கத்தில் பிரேமதாசா ஆட்சியின்போது 'எச்' என்னும் எழுத்தொன்றை இடையிற் சேர்த்து எழுதினர். அவ்வடிவமும் நீடிக்கவில்லை.

தோட்டத்து முன்னோர் தாம் செல்லும் நாட்டைக் 'கண்டி', 'கண்டிச் சீமை' என்றே கூறினர். இதனை அறியாமை எனத் தள்ளுதல் தவறு. சபரகமுவ 1815 வரை கண்டியரசுக்கு உட்பட்ட நிலம். தனி மாகாணமாக அமைந்ததும் 1889இலேயே. 'சிலோன்' என்ற சொல்லோ கப்பலேறுமுன் அவர்கள் எதிர்கொண்ட அலுவலகச் சொல். ஆள் திரட்டும் பணிக்கெனச் 'சிலோன்' தொழிலாளர் ஆணையகம் 1904இல் திருச்சிராப்பள்ளியில் நிறுவப்பட்டது.

சொல்லின் கடுமை பின்னரே புலப்பட்டது. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு தமிழரைச் 'சிலோன் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என இரண்டாகப் பிரித்தது. கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசு கிராம விரிவாக்கத்துக்கென எடுத்துக்கொண்டு, தொழிலாளரை வெளியேறுமாறு பணித்தது. மறுத்தவர்கள், தாம் பிறந்து வாழ்ந்த இடத்திலேயே அத்துமீறிக் குடியிருந்தோர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டனர். 1946இல் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. மண்ணை உடையவர் யார், வந்தேறி யார் என்ற வினாவுக்கு 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் விடை கூறிற்று. இங்கு பிறந்தமை மட்டும் போதாது. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கு பிறந்தமைக்குச் சான்று வேண்டும் என்றது. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த லயன்களில் அச்சான்று எங்ஙனம் கிடைக்கும்? 'சிலோன் இந்தியன் காங்கிரஸ்' தொழிற்சங்கம் 1950இல் 'சிலோன் தொழிலாளர் காங்கிரஸ்' எனப் பெயர் மாறியதை இப்பின்னணியிலே நோக்குதல் வேண்டும். விலக்கப்பட்டோர் 'இந்தியன்' என்ற சொல்லை உதறி, 'சிலோன்' என்ற சொல்லைக் கைவிடாது பற்றிக்கொண்டனர்.

தேயிலைக்கு இத்தொல்லை எதுவும் நேரவில்லை. சபரகமுவவின் தாழ்நிலத் தேயிலை உலகச் சந்தையில் இன்றும் 'சிலோன் தேயிலை'யே. அரச நிறுவனங்களின் பெயர்களிலிருந்து 'சிலோன்' என்ற சொல்லை நீக்குவதென 2011இல் அரசு முடிவு செய்தபோதும், தேயிலைக்கு விலக்கு அளிக்கப்பட்டது. கொழுந்தின் பிறப்புக்குச் சான்று கேட்டார் எவருமிலர். கொய்தவரின் மக்களோ 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலும் 'இந்தியத் தமிழர்' என்றே எண்ணப்பட்டனர்.

1964 ஒக்ரோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. எஞ்சியோர் பின்னைய பேச்சுக்கு விடப்பட்டனர். 1977, 1981 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின், சபரகமுவத் தோட்டங்களிலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்குச் சென்றோரும் பலர். அங்கே அவர்கள் 'தோட்டக்காட்டார்' எனப்பட்டனர். கடல் கடந்தோரிற் பலர் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்கென 1968இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கூடை சுமந்தனர். பிறந்த மண்ணில் சட்டம் மறுத்த பெயரை அங்கே அயலார் கேளாமலே வழங்கினர். கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்களுக்குப் பெயர் 'சிலோன்காரர்'.