தேவாலய மின் ஆர்கனும் தென்தமிழகப் பாடல் மரபும்

1854-இல் ராக்லண்ட், ஃபென், மெடோஸ் என்னும் சர்ச் மிஷனரி சொசைட்டி (சி.எம்.எஸ்.) மிஷனரிகள் வட திருநெல்வேலியில் கூடாரமடித்து ஊர் ஊராக ஊழியம் செய்யத் தொடங்கினர். ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் சிவகாசியும் அன்று திருநெல்வேலி மாவட்டத்தின் வடபகுதி. கூடாரத்தோடு நகரும் ஊழியத்தில் குழாய் ஆர்கனுக்கு இடமில்லை. 1883-இல் சென்னை செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கில் நிறுவப்பட்டது போன்ற கருவி பெருநகரத்துக்கே வாய்த்தது. துருத்தியை மிதித்து வாசிக்கும் கால் ஆர்மோனியமும், 1875-இல் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் வடிவமைத்த கைத்துருத்தி ஆர்மோனியமுமே சிற்றூர்ச் சபைகளுக்கு ஏற்றவை.

இச்சபைகளின் பாட்டு இருவகை: மேல்நாட்டு மெட்டில் அமைந்த பாமாலை, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வழியில் வளர்ந்த கீர்த்தனை. பாமாலையின் நான்கு குரல்களையும் தாங்கிப் பிடிக்க ஆர்கனே தகுந்தது. கீர்த்தனையில் அது தடுமாறும். கட்டைக்குக் கட்டை தாவும் கருவியில் கமகம் வராது. ஆர்மோனியத்தை 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி விலக்கியதற்கும் இதுவே முக்கியக் காரணம். எனவே மின் ஆர்கனின் ஒலியைப் பாமாலையை வைத்தே மதிப்பிட வேண்டும்.

1935-இல் வெளிவந்த ஹாமண்ட் மின் ஆர்கனில் 91 பற்சக்கரங்கள் சுழன்றன. பல் ஒவ்வொன்றும் காந்தமுனையைக் கடக்கும்போது கம்பிச்சுருளில் மின் அலை எழும். பற்களின் எண்ணிக்கையும் சுழலும் வேகமுமே சுருதியை முடிவு செய்தன. வாசிப்பவர் ‘ஸ்டார்ட்’ விசையைச் சில விநாடி பிடித்து, சக்கரங்கள் வேகம் பெற்றதும் ‘ரன்’ விசையைத் தட்டுவார். பிறகு ஒன்பது இழுப்புத்தண்டுகளை முன்னும் பின்னும் நகர்த்தி நாதத்தைக் கூட்டிக் குறைப்பார். குழாய் ஆர்கனின் நாதம் முழுவதையும் தரும் என்று விளம்பரம் செய்யக் கூடாதென 1938-இல் அமெரிக்க வணிக ஆணையம் ஹாமண்ட் நிறுவனத்துக்குத் தடை விதித்தது.

சக்கரம் ஓடும் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைச் சார்ந்தது. நம் பகுதிக்கு இது பெரிய சிக்கல். பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் இயங்கத் தொடங்கியது. ஆனால் மின்சாரம் கிடைப்பது வேறு, அது சீராக இருப்பது வேறு. 1990களில் தென்மண்டல மின்தொகுப்பு 50 ஹெர்ட்சிலிருந்து 48 வரை சரிவது சாதாரணம். அந்நிலையில் இத்தகைய ஆர்கன் அரைக் கட்டையில் பத்தில் ஏழு பங்கு சுருதி இறங்கிவிடும். கூடவே வயலின் வாசிப்பவர் என்ன செய்வார்?

பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜெரோம் மார்கோவிட்ஸ் சுழலும் சக்கரங்களுக்கு மாற்றுவழி கண்டார். அவருடைய ஆலன் நிறுவனம் 1939-இல் கொண்டுவந்த ஆர்கனில் சக்கரமே இல்லை. மின்னதிர்வை எழுப்பும் வால்வு ஆசிலேட்டர் சுற்றுகளே சுரங்களைப் பிறப்பித்தன. ஒவ்வொரு சுரத்துக்கும் தனி ஆசிலேட்டர் வைத்த கருவிகளில் எந்த இரண்டும் இம்மியும் பிசகாமல் ஒத்துப்போவதில்லை. வெயில் ஏறினால் ஒன்று சற்று நகரும், மற்றொன்று நிற்கும். அந்த நுண்ணிய விலகலால்தான் ஒலிக்கு அகலமும் உயிரும் கிடைத்தன. நூறு பேர் கூடிப் பாடும்போது கேட்கும் நிறைவும் இதே வகைதான் என்பது என் துணிபு.

செலவைக் குறைக்க மற்றொரு முறையும் வந்தது. பன்னிரண்டு மூல ஆசிலேட்டர்களை மட்டும் வைத்து, அவற்றின் அதிர்வெண்ணை இரண்டிரண்டாக வகுத்துக் கீழ் ஸ்தாயிகளைப் பெறுவது. 1946-இன் பால்ட்வின் மாதிரி 5 இவ்வகை. சுருதி சேர்ப்பது எளிது. ஆனால் ஸ்தாயிகள் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருப்பதால் நாதம் தட்டையாகும். புல்லாங்குழலின் மென்மையையும் தந்தியின் கூர்மையையும் வடிகட்டிச் சுற்றுகள் வேறுபடுத்தின என்றாலும் அந்த அகலம் திரும்பவில்லை.

1971-இல் ஆலன் டிஜிட்டல் ஆர்கனை வெளியிட்டது. 1980-இல் காசியோ விசைப்பலகைகள் தொடங்கின. இன்று சபைகளில் பெரும்பாலும் ஒலிப்பது தாளத்தையும் சேர்த்துத் தரும் கீபோர்டு. அதன் ‘சர்ச் ஆர்கன்’ பொத்தான் சுருதி பிசகாது. கரண்டு போனால் பேட்டரியில் ஓடும். ஒருவரே தூக்கிச் செல்லலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊருக்கு இவை சின்ன வசதிகள் அல்ல.

எனினும் பழைய கருவிக்கு ஓர் உயர்வு உண்டு: அதைப் பழுது பார்க்க முடியும். காய்ந்துபோன கண்டென்சரை மாற்றி, சுருளின் உட்கருவைத் திருகிச் சுரத்தைச் சேர்க்க, ரேடியோ ரிப்பேர் அறிந்த கை போதும். அதற்கென்றே செய்த சிப்பு எரிந்துபோன டிஜிட்டல் கருவிக்கு அந்த வாய்ப்பு இல்லை. தென்மாவட்டத் தேவாலயங்களின் பின்னறைகளில் இத்தகைய கருவி எதுவும் கிடந்தால், பழைய இரும்புக்குப் போடும் முன் அதன் ஒலியையும் சுற்று வரைபடத்தையும் பதிவு செய்தாக வேண்டும்.