உறையூர் முத்து வணிகமும் ஈமச்சின்னங்களில் சங்கும்

முற்காலச் சோழர் தலைநகரான உறையூர், இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதி. கடலுக்கு வெகு தொலைவில் காவிரிக்குத் தெற்கே இருந்தும், முத்து விற்ற ஊராக இது பெயர் பெற்றிருந்தது. பொ.ஆ. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்' என்ற வணிகக் கையேடு, பாண்டியரின் கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகள் முத்துக் குளித்ததைக் கூறுகிறது. அதற்கடுத்த கடற்கரையில் எடுத்த முத்துகளை உள்நாட்டிலுள்ள 'அர்காரு'வில் மட்டுமே வாங்க முடியும் என்றும், அங்கிருந்து மெல்லிய துணி ஏற்றுமதியானது என்றும் சொல்கிறது. அர்காரு என்பது உறையூரே என்பது ஆய்வாளர் பெரும்பாலோரின் கருத்து. கரையில் எடுத்த முத்தைத் தலைநகருக்குக் கொண்டுவந்து விற்றார்கள் என்றால், அதன்மேல் அரசின் பிடி இறுக்கமாக இருந்திருக்க வேண்டும்.

1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் இங்கு அகழாய்வு செய்தது. கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள், உருளையால் வரி பதித்த ரௌலட் ஓடுகள், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள், சாயத்தொட்டி ஆகியவை வெளிப்பட்டன. துணி பற்றிய குறிப்புக்குச் சாயத்தொட்டி துணை நிற்கிறது. முத்துக்கு அப்படிச் சான்று கிடைப்பது எங்குமே கடினம். முத்து சுண்ணமும் புரதமும் சேர்ந்த மெல்லிய அடுக்குகளால் ஆனது. அமிலத்தன்மையுள்ள மண்ணில் கரைந்துவிடும். ஈரானின் சூசா நகரில் 1901இல் திறக்கப்பட்ட வெண்கலச் சவப்பெட்டியில் முத்துமாலை கிடைத்தது அரிய நிகழ்வு.

தடித்த ஓடுடைய சங்கு முத்தைவிட நெடுங்காலம் தாங்கும். கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியுள்ள பலுச்சிஸ்தானத்தின் மெகர்கரில், புதிய கற்காலப் புதைகுழிகளிலேயே சங்கு வளையல்கள் உள்ளன. அரப்பாவின் இடுகாட்டில் பெண்களின் இடக்கையில் அவை காணப்பட்டன. கொங்கு நாட்டில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் சங்கு அறுத்து வளையல் செய்த தொழிற்கூடம் இருந்தது. அங்குள்ள பெருங்கற்கால ஈமச்சின்னம் ஒன்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் வைக்கப்பட்டிருந்தன. தொலைவிலிருந்து வந்த அரும்பொருளை இறந்தவரோடு அனுப்புவது அக்கால மக்கள் காட்டிய மரியாதையாக இருந்திருக்கலாம்.

தமிழர் வாழ்வில் சங்கின் இடம் இன்றும் அகலமானது. கைக்குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுவர். இறுதி ஊர்வலத்தில் சேகண்டியோடு சங்கு ஊதுவர். முத்து கோயிலில் நிலைத்தது. உறையூருக்கு அருகே திருவரங்கத்தில், மார்கழி வைகுண்ட ஏகாதசித் திருவிழா நாள்களில் மூலவர் அரங்கநாதர் முத்தங்கி அணிந்து சேவை சாதிக்கிறார்.