குற்றவியலும் சமூகக் கொள்கையும்: என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம்?

நாட்டின் சிறைகளில் 2022-ஆம் ஆண்டு இறுதியில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் என தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை தெரிவிக்கிறது. நான்கில் மூன்று பேர் தீர்ப்பு வருவதற்கு முன்பே சிறையில் இருந்துள்ளனர். இந்நிலைக்கான காரணங்களையும், அதனை மாற்றுவதற்கான சட்ட, நிர்வாக வழிகளையும் ஆராயும் துறைகளே குற்றவியலும் சமூகக் கொள்கையும் ஆகும்.

தடய அறிவியல் வேறு

குற்றவியலையும் தடய அறிவியலையும் ஒன்றெனக் கருதும் மாணவர்கள் பலர் உள்ளனர். கைரேகை, ரத்தம், மரபணு உள்ளிட்ட சான்றுகளை ஆய்வகத்தில் பரிசோதிப்பது தடய அறிவியல். குற்றம் ஏன் நிகழ்கிறது, தண்டனை என்ன பயன் தருகிறது, பாதிக்கப்பட்டோருக்கு நீதி கிடைக்கிறதா என ஆராய்வது குற்றவியல். முன்னதற்கு அறிவியல் பாடப் பின்னணி தேவை. பின்னது சமூகவியல், உளவியல், சட்டம் ஆகியவற்றைச் சார்ந்தது.

எங்கே பயிலலாம்?

பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் இவ்விரு பாடங்களும் ஒரே பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. இந்தியாவில் இவை பெரும்பாலும் சமூகப்பணி, சட்டம், சமூகவியல் துறைகளில் பரவியுள்ளன.

* 1936-இல் தொடங்கப்பட்ட மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் குற்றவியல் மற்றும் நீதி, சமூகப்பணிக் கல்வியின் ஒரு பிரிவாக உள்ளது. இந்நிறுவனத்தின் 'பிரயாஸ்' களப்பணித் திட்டம் 1990 முதல் கைதிகளின் சட்ட உதவிக்கும் மறுவாழ்வுக்கும் பணியாற்றி வருகிறது.
* மத்தியப் பிரதேசத்தின் சாகர் பல்கலைக்கழகத்தில் 1959 முதல் குற்றவியல் துறை இயங்குகிறது.
* காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம், 2020-இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது.
* தமிழகத்தில் சென்னைப் பல்கலைக்கழகம், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் குற்றவியல் துறைகள் உள்ளன.

புதிய சட்டங்களும் பாடத்திட்டமும்

2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, சில சிறு குற்றங்களுக்குச் சமூக சேவையைத் தண்டனையாகச் சேர்த்துள்ளது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவின்படி, முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாத விசாரணைக் கைதி, அதிகபட்ச தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் பிணைப்பத்திரத்தின் பேரில் விடுவிக்கப்பட வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. தகுதியுள்ள கைதிகளை அடையாளம் காண்பதும், சமூக சேவைத் தண்டனையைக் கண்காணிப்பதும் பயிற்சி பெற்றவர்களைக் கோரும் பணிகளாகும்.

வேலைவாய்ப்பு

குற்றவியல் பட்டம் மட்டுமே காவல் துறைப் பணியைப் பெற்றுத் தராது. ஐ.பி.எஸ். பணிக்கு எந்தப் பட்டதாரியும் குடிமைப் பணித் தேர்வு எழுதலாம். 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் கீழ், குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பச் சூழலை விசாரித்து நீதிமன்றத்திற்கு அறிக்கை அளிக்கும் நன்னடத்தை அலுவலர் பணி இப்படிப்புக்கு நெருக்கமானது. சிறார் நீதி அமைப்புகள், சிறை நலப்பணி, சட்ட உதவி, தன்னார்வ அமைப்புகள், ஆராய்ச்சி ஆகியவையும் உள்ளன.

சேர்வதற்கு முன், பாடத்திட்டத்தில் சிறை, நீதிமன்றம், சிறார் இல்லம் ஆகியவற்றில் களப்பணி இடம்பெற்றுள்ளதா என்பதையும், விரும்பும் பணிக்கு அப்பட்டம் தகுதியாக ஏற்கப்படுகிறதா என்பதையும் மாணவர்கள் உறுதி செய்துகொள்வது அவசியம்.