உரிமமும் உரிமையும்

இந்தியாவில் மக்களிடமிருந்து ஆயுதம் பறிக்கப்பட்ட கதையை 1857-இலிருந்து தொடங்குவது வழக்கம். தென்பாண்டிச் சீமைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. 1799-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனும், 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டனர். அந்த டிசம்பரிலேயே சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவின் அறிக்கை வந்தது. பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும், துப்பாக்கியும் ஈட்டியும் இனி கூடாது என்பது அதன் சாரம். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமானது.

1857 எழுச்சிக்குப் பின் இந்தத் தடை நாடு முழுவதற்குமான சட்டமாக வளர்ந்தது. 1860-இல் ஒரு சட்டம். அதைவிடக் கடுமையாக, லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்த 1878-இல் இன்னொன்று. இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே ஆண்டில் வந்ததைத் தற்செயல் என்று கொள்வது கடினம். ஆயுதம் என்பதற்கு 1878 சட்டம் தந்த விளக்கத்தில் பீரங்கி, துப்பாக்கி, வாள், ஈட்டியோடு வில்லும் அம்பும் அடங்கின. துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும்; இல்லாவிட்டால் 3 ஆண்டு வரை சிறை. ஆனால் விதிவிலக்குப் பட்டியல் ஐரோப்பியருக்குத் தாராளமாகத் திறந்திருந்தது. இந்தியரைச் சுட்டது சட்டத்தின் கடுமையைவிட இந்தப் பாகுபாடுதான். 1887-இல் சென்னையில் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் கூடிய காங்கிரஸ், மக்களின் ராஜவிசுவாசத்தை எடுத்துச்சொல்லி, சட்டத்தைத் தளர்த்தக் கோரித் தீர்மானம் போட்டது. விசுவாசத்துக்குப் பரிசாகத் துப்பாக்கி கிடைத்தவர்களும் இருந்தார்கள்: குடகு மக்களுக்கு 1861 முதலே உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. இனப் பாகுபாடு 1920-களில் விதிகள் திருத்தப்பட்டபோதுதான் நீங்கியது.

1931 கராச்சி காங்கிரஸ் ஒரு படி மேலே போய், கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமக்களின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகவே சேர்த்தது. அகிம்சையைக் கொள்கையாகக் கொண்ட இயக்கம் இதைக் கேட்டதில் முரண் இல்லை. கேட்டது சுடுவதற்கு அல்ல, நம்பப்படுவதற்கு.

ஆட்சி கைக்கு வந்ததும் நிலைமை மாறியது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அந்த உரிமையைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். பிரிவினையின் ரத்தம் காயாத காலம். அம்பேத்கர் ஏற்கவில்லை, திருத்தம் தோற்றது. விளைவாக, அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு ஆயுதமின்றிக் கூடுவதைத்தான் உரிமையாக்குகிறது. சீக்கியரின் கிர்பானுக்கு மட்டும் 25-ஆவது பிரிவில் இடம் கிடைத்தது.

1878 சட்டம் சுதந்திரத்துக்குப் பின்னும் பல ஆண்டுகள் நீடித்தது. அதன் இடத்தில் வந்த 1959 ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1-இல் அமலானது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே பயன்படும் கருவிகளையும், கம்பு, கைத்தடிகளையும் அது ஆயுதப் பட்டியலிலிருந்து விடுவித்தது. பயிரைக் காக்க, குழல்வாய் வழியே மருந்து இடித்துச் சுடும் துப்பாக்கி கேட்கும் விவசாயிக்கு உரிமம் தர வழிசெய்தது. துப்பாக்கியைப் பொறுத்தவரை உரிமம் என்ற அடித்தளம் அப்படியே நின்றது. 2019 திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, உரிமக் காலத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆக்கியது. அதே ஆண்டில், குடகு மக்களுக்கு வெள்ளையர் தந்த விலக்கை மத்திய அரசு 2029 வரை நீட்டித்தது.